அம்மை இறங்கிய வீட்டில் மாத்திரை

என்னைப் புதிதாகப் பார்க்கிறவர்கள், நான் அவர்களை முறைக்கிறேன் என்றுதான் முதலில் நினைக்கிறார்கள். சாத்தூர் பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ரேஷன் கடையில் ஒரு தடவை ஒருத்தி, “என்னக்கா, நான் என்ன செஞ்சேன், இப்படிப் பாக்கீக?” என்று சண்டைக்கே வந்துவிட்டாள். என் இடது கண் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். மேல் இமை ஏறிப் போய் முழுதாக மூடாது. அந்தக் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது என்பதை எத்தனை பேரிடம் விளக்க முடியும்? இப்போதெல்லாம் விளக்குவதில்லை. முறைத்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். வாழ்க்கையில் நாலு பேர் என்னைப் பார்த்துப் பயந்ததும் இந்தக் கண்ணால்தான்.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் சார்ட்டிங் பிரிவில் வேலை பார்த்தேன். வெடிப் பெட்டிகளுக்கு ஒட்டுகிற லேபிள்தான் எங்கள் அச்சகத்துக்குப் பெரிய ஆர்டர். மெஷினில் அடித்து வரும் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, சரியில்லாததை உருவித் தனியே போடுவது என் வேலை. ஒரு படத்தில் நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாக விழ வேண்டும். ஒன்று கொஞ்சம் நகர்ந்தாலும் குருவிப் படத்தில் குருவியின் அலகு இரண்டாகத் தெரியும். அதை நாங்கள் ரெஜிஸ்டர் அவுட் என்போம். என் கையில் அகப்படாமல் ஒரு அவுட் தாளும் வெளியே போகாது என்று முதலாளியே சொல்லியிருக்கிறார். பெருமையடித்துக்கொள்ள வேறு எதுவும் என்னிடம் இல்லாததால் இதை எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த ஆவணி மாதம். அன்றைக்கு மெஷினிலிருந்து வந்த தாள் அத்தனையும் அவுட்டாக இருந்தது. கட்டுக் கட்டாக ஒதுக்கினேன். மெஷின் ஓட்டுகிற அண்ணன் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார். சூப்பர்வைசர் ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “இதுல எங்கனம்மா ரெண்டா இருக்கு?” என்றார். நான் அலகைத் தொட்டுக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொன்னார். பொத்தினேன். குருவிக்கு ஒரே அலகு. கையை எடுத்தேன், மறுபடியும் இரண்டு. நான் ஒதுக்கிய கட்டுகள் எல்லாமே நல்ல தாள்கள். அவுட் ஆகியிருந்தது நான்தான்.

அதற்குச் சில மாதம் முன்பிருந்தே இடது இமை காலையில் வீங்கி இருக்கும். கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலால் அழுத்துவதுபோல் வலிக்கும். எங்கள் ஊரில் கண் சிவந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. வெடிக் கம்பெனித் தூசி என்பார்கள். நான் வெடிக் கம்பெனிக்குள் காலே வைத்ததில்லை. அதைச் சொன்னால், எங்கள் தெருவில் பாதிப் பேர் எம். புதுப்பட்டிப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறார்கள், அவர்கள் சேலையிலிருந்து பறந்து வந்து பட்டிருக்கும் என்று பதில் வரும். உள்ளூர் டாக்டரும் அதையேதான் சொன்னார். சொட்டு மருந்து கொடுத்தார். அந்தச் சீசன் முழுவதும் சொட்டு மருந்தை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

மதுரையில்தான் கண்டுபிடித்தார்கள். ஸ்கேன் எடுத்து, கண்ணுக்குப் பின்னாலிருந்து துளி சதையை எடுத்துப் பரிசோதித்தார்கள். டாக்டர் ஒரு பெண். உடம்பைக் காப்பாற்ற வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழி தவறி, கண் குழியில் இருக்கும் தசையையும் கொழுப்பையும் எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது, அதனால்தான் வீக்கம் என்று பொறுமையாகச் சொன்னார். ஏன் எனக்கு வந்தது என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. தூசி என்றால் கம்பெனியைத் திட்டலாம், கிருமி என்றால் சாக்கடையைத் திட்டலாம். சொந்த உடம்பை எப்படித் திட்டுவது?

மாத்திரை ஆரம்பித்து சில நாளிலேயே வீக்கம் வடிந்தது. இவ்வளவு லேசான காரியமா என்று இருந்தது. குருவிக்கு ஒரே அலகு வந்துவிட்டது. முகம் மட்டும் உருண்டையாக ஊதியது. பசி சொல்ல முடியாது. பழைய சோற்றுப் பானையைக் காலி செய்துவிட்டு மகளுக்கு வாங்கி வைத்த சேவுக்கும் கை நீட்டினேன். தெருவில் எல்லோரும், “சதை போட்டு நல்லாத்தான இருக்கீக” என்றார்கள். என் வீட்டுக்காரர் பேப்பர் லோடு ஏற்றுகிற மினி லாரி ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். அவர்கூட ஒரு நாள், பூசணிக்காய்க்குச் சேலை கட்டியதுபோல் இருக்கிறது என்றார். சிரித்தேன். சிரிக்கிற மாதிரி இருந்த காலம் அது.

இரண்டு விதமான மாத்திரை. ஒன்று தினமும், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இன்னொன்று வாரம் ஒரு முறை, எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தி வைக்க. டாக்டர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் குரலை உயர்த்திச் சொன்னார்.

“என்ன ஆனாலும் நீங்களா நிறுத்தக் கூடாது. காய்ச்சல், எது வந்தாலும் முதல்ல எனக்கு போன் பண்ணணும்.”

நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்தே தலையாட்டினோம். அச்சகத்துக்குத் திரும்பினேன். அடுத்த சீசனில் என் கையிலிருந்து ஒரு அவுட் தாளும் தப்பவில்லை.

பங்குனி வெயிலில் மகளுக்கு அம்மை போட்டது. அவளுக்கு வடு ஆறுவதற்குள் எனக்குப் போட்டது. எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் கட்டிப் போட்டிருந்த உடம்பில் அது காட்டுத்தனமாகப் போட்டது. உள்ளங்கால் முதல் தலை வகிடு வரை இடமில்லை. ஆனைக்குட்டத்துப் பக்கம் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, செய்தி கேட்ட அன்றே மடி நிறைய வேப்பிலையுடன் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

அம்மை இறங்கிய வீட்டுக்கு ஒரு நடைமுறை உண்டு. வாசலில் வேப்பிலை சொருக வேண்டும். வெளியாட்கள் வரக் கூடாது. அடுப்பில் தாளிக்கக் கூடாது. வந்திருப்பது நோய் இல்லை, மாரியாத்தா. அவளை வைத்துக்கொண்டு அவளுக்கு எதிராக மருந்து சாப்பிட்டால் போகிற போக்கில் கண்ணை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்பார்கள். குளிரக் குளிர இருந்து, தண்ணீர் ஊற்றி வழியனுப்பும் வரை மருந்து என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது. என் அம்மாவும் அப்படித்தான் பிழைத்தாள், சின்ன வயதில் மணல்வாரி போட்டபோது நானும் அப்படித்தான் பிழைத்தேன்.

அம்மா என் மாத்திரைகளை ஒளித்து வைக்கவில்லை. இதைச் சொல்ல வேண்டும். மஞ்சள் துணியில் அட்டைகளை முடிந்து, என் பாய்க்கு நேராக இருந்த மாரியம்மன் படத்தின் முன்னால் வைத்தாள். படுத்திருந்த இடத்திலிருந்து எனக்கு அது தெரிந்துகொண்டே இருந்தது.

“அவ காலடியிலதான் வச்சிருக்கேன் தாயி. அவ இறங்கிப் போனப்புறம் எடுத்துக்கிடலாம். அது வரைக்கும் உன் கண்ண அவ பாத்துக்கிடுவா.”

மகள் மட்டும் டாக்டருக்கு போன் பண்ணிவிடலாம் என்றாள். அம்மா அவள் வாயைப் பொத்தாத குறை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். காய்ச்சலில் எனக்கு எழுந்திருக்கத் தெம்பு இல்லை. தெம்பு இருந்திருந்தாலும் எடுத்திருப்பேனா என்று தெரியாது. டாக்டர் மதுரையில் இருந்தார், மாரியாத்தா என் தோல் மேலேயே இருந்தாள். பக்கத்தில் இருக்கிறவளுக்குத்தான் பயந்தேன்.

மாத்திரை நின்ற சில நாளில் இடது கண்ணுக்குப் பின்னால் அந்தக் கட்டை விரல் திரும்பி வந்தது. இமையில் வரிசையாகக் கொப்புளங்கள் இருந்ததால், வீங்குவது அம்மையால்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். இமையை விரலால் தூக்கி மாரியம்மன் படத்தைப் பார்த்தேன். வலது கண்ணில் அவள் சேலை சுத்தச் சிவப்பு. இடது கண்ணில் அதே சேலை பழைய செங்கல்போல் இருந்தது. மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு தாளில் சிவப்பு மை கொஞ்சம் குறைந்தாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்லக்கூடியவள் நான். அந்தச் சிவப்பு சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

“கண்ணுல முத்துப் போட்டிருக்கா. இறங்கையில தெளிஞ்சிரும்” என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அப்படியேதான் நம்பினாள். என் பாய்க்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்து இரவும் பகலும் வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். என்னை அப்படிப் பார்த்துக்கொண்டவர்கள் வேறு யாரும் இல்லை. என் கண்ணும் அந்த விசிறலில்தான் போனது.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று உடம்பில் கொப்புளங்கள் காய்ந்திருந்தன. அம்மா படத்தின் முன்னாலிருந்த முடிச்சை எடுத்து, கற்பூரம் காட்டி, என் கையில் கொடுத்தாள். நான் இடது இமையைத் தூக்கிப் பார்த்தேன். செங்கல்கூட இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். என் முகத்துக்கு நேரே இருந்த அம்மாவின் முகம் அந்த மூட்டத்துக்குள் இருந்தது.

மதுரையில் டாக்டர் ஒரு சிவப்பு மூடியை எடுத்து இடது கண்ணுக்கு நேரே பிடித்தார். என்ன நிறம் என்றார். மூடி இருப்பதே எனக்குத் தெரியவில்லை. எப்போது மாத்திரையை நிறுத்தினீர்கள் என்று கேட்டார். நானும் என் வீட்டுக்காரரும் தரையைப் பார்த்தோம். அம்மாதான் வாய் திறந்தாள்.

“நான்தாம்மா நிறுத்தச் சொன்னேன். வீட்ல அம்மை போட்டிருந்துச்சு.”

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, அம்மைக்கே இப்போது மாத்திரை இருக்கிறது என்றார். போன் பண்ணியிருந்தால் வாரம் ஒரு முறை சாப்பிடும் மாத்திரையை அவரே நிறுத்தியிருப்பாராம். தினசரி மாத்திரையை மட்டும் விட்டிருக்கவே கூடாது, அதை அவர் பார்த்துக் கூட்டவும் செய்திருப்பார். பாதி எங்கள் வழக்கப்படியே நடந்திருக்கும். மீதிப் பாதிக்கு ஒரு போன் போதும்.

நரம்பில் மருந்து ஏற்றினார்கள். வீக்கம் வடிந்தது. பார்வை வரவில்லை. பார்வை நரம்பு வீக்கத்தில் நசுங்கிவிட்டது, நசுங்கிய நரம்பு நிமிராது என்று சொன்னார்கள். கொஞ்ச நாளில் ஓரத்து வெளிச்சமும் போயிற்று.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. இந்த நோய் கண்ணை எடுத்ததோடு விட்டுவிடும் என்று நினைத்தேன். விடவில்லை. உள்ளே தசை தழும்பாகி இறுகிவிட்டதால் கண் தள்ளியபடியே நிற்கிறது. இமை மூடாததால் தூங்கும்போது காய்ந்து புண்ணாகிவிடும். படுக்கும் முன் களிம்பு போட்டு, இமையை இழுத்துப் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ள வேண்டும். மாத்திரையைக் குறைத்தால் வலி வருகிறது, கூட்டினால் சர்க்கரை ஏறுகிறது. முட்டி எலும்பு தேய்ந்துவிட்டது. தம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி தரையில் போகிறது, ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதில்லை. சார்ட்டிங்கில் இருந்து என்னைத் தாள்களை எண்ணிக் கட்டுப் போடுகிற இடத்துக்கு மாற்றினார்கள். அங்கும் கை தடுமாறியது. ஒரு சீசன் முடிந்ததும் நானே நின்றுகொண்டேன். முதலாளி வருத்தப்பட்டார். அவருக்கு வருத்தம் எனக்காகவா, இனி தப்பிப் போகப்போகிற அவுட் தாள்களுக்காகவா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. கடைசியாக ஒரு லேபிளை எடுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். குருவிக்கு ஒரே அலகுதான். ஒற்றைக் கண்ணுக்கு இனி நல்ல தாளில் இரண்டு அலகு தெரியாது.

அம்மா தோட்டத்தைப் பக்கத்துக்காரரிடம் விட்டுவிட்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். என் மாத்திரை டப்பா அவள் பொறுப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவள், எது காலை, எது இரவு என்று அட்டையின் நிறத்தை வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு வேளை தவறியதில்லை. அவள் மன்னிப்புக் கேட்டதில்லை, நானும் குறை சொன்னதில்லை. கோபம் இல்லை என்று அர்த்தமில்லை. கோபம் உண்டு, இன்றைக்கும் உண்டு. அவள் எனக்குச் சோறு போடும்போது வரும், தலை பின்னிவிடும்போது வரும். கத்திவிட்டால் போய்விடும் கோபம் என்றால் கத்தியிருப்பேன். அவளிடம் கத்தி என்ன கிடைக்கப்போகிறது? அவள் என்னைக் கொல்ல வந்தவளா? காப்பாற்ற வந்தவளை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

என்னிடமும் ஒரு ரகசியம் இருந்தது. காலையில் பிளாஸ்திரியை உரித்ததும், யாரும் எழுவதற்கு முன், வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புவேன். மூட்டம் கொஞ்சம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். நிமிராது என்று டாக்டர் சொன்னது காதில் விழாதவள் இல்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியுமா என்ன என்று ஒரு மூலையில் வைத்திருந்தேன். வருஷக் கணக்காக இதைச் செய்துவந்தேன். ஒரு நாளும் வெளுத்ததில்லை, ஒரு நாளும் விட்டதும் இல்லை.

இந்த வருஷம் ஆனி மாதம் வலது இமை காலையில் வீங்கி இருந்தது. கண்ணாடி முன்னால் வெகு நேரம் நின்றேன். மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். அந்தப் பக்கமும் லேசாக ஆரம்பித்திருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரையைக் கூட்டினார். அடங்குமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பார்ப்போம் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் கை வியர்த்து ஈரமாக இருந்தது. விருதுநகர் தாண்டியும் விடவில்லை.

ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். கண் போன வருஷத்திலிருந்து அம்மா தவறாமல் அங்கே கண்மலர் வாங்கிப் போடுகிறாள். வெள்ளித் தகட்டில் செய்த இரண்டு கண்கள். கோயில் வாசல் கடைகளில் ஜோடியாகத்தான் கிடைக்கும். ஒவ்வொரு வருஷமும் ஜோடியை இரண்டு உள்ளங்கையிலும் வைத்து என் முகத்தைச் சுற்றி, உண்டியலில் போடுவாள். மாத்திரை வேளைக்குக் கொடுப்பாள், கண்மலரும் வருஷத்துக்குப் போடுவாள். கண்ணை எடுத்தவளிடமே கண் கேட்கிறாளே என்று எரிச்சல் வரும். ஆனாலும் அவள் ஒவ்வொரு முறையும் இரண்டாகப் போடுவதை நான் கவனித்துத்தான் வந்தேன்.

இந்த முறை கூட்டம் நெரித்துத் தள்ளியது. அக்கினிச் சட்டி ஏந்தியவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி, உண்டியலுக்கு வந்து சேர்ந்தோம். அம்மா என் முகத்தைச் சுற்றினாள். பிறகு ஒன்றை மட்டும் உண்டியலில் போட்டாள். மற்றதை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்துக் கையைத் தொட்டேன்.

“இன்னொண்ணு?”

அம்மா சன்னதிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டையும் கேட்டா பேராசைன்னு நினைச்சுக்கிடுவா தாயி. அது போனது போனதுதான். இருக்கறதயாவது விட்டு வைக்கட்டும்.”

பின்னாலிருந்து ஆட்கள் தள்ளினார்கள். நகர்ந்தோம். வேப்பிலைக் கட்டு, உப்பு, மிளகு விற்கிறவர்களைத் தாண்டி வெளியே வந்து, ஆற்று மணலில் அவள் துண்டை விரித்து, கொண்டுவந்த சோற்றைப் பிசைந்து கொடுத்தாள். முந்தானை முடிச்சு அவள் மடியில் கிடந்தது. நான் சாப்பிட்டேன். என் கண் போனது டாக்டர் சொன்னபோது எனக்கு முழுதாகத் தெரியவில்லை. அம்மா கேட்பதை நிறுத்தியபோதுதான் தெரிந்தது. வருஷக் கணக்காக அவள் கோயிலில் கேட்டதும் நான் ஜன்னலில் பார்த்ததும் ஒரே காரியம்தான் என்பதும் அப்போதுதான் புரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அந்தக் கண்ணில் தண்ணீர் மட்டும் இன்னும் வரும்.

மறுநாள் காலையில் பிளாஸ்திரியை உரித்தேன். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. வலது இமையைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் முந்தின நாளைவிடக் கூடவா குறையவா என்று விரலுக்குப் பிடிபடவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து தண்ணீர்ச் செம்பும் மாத்திரையுமாக வந்து எதிரே உட்கார்ந்தாள். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன்.

“முழுங்கிட்டயா?” என்றாள்.

தினமும் தலையை மட்டும் ஆட்டுவேன். அன்றைக்கு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினேன். அவள் குனிந்து, உள்ளே நன்றாகப் பார்த்தாள்.